சொல்லுக்குக் குலம் உண்டா?
(அல்பேனிய பாஷை சொல்லும் சாட்சியம்)

உலகத்தில் எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், அந்த நாட்டில் வேறு எது இல்லாவிட்டாலும், "எங்கள் பாஷைதான் ஆதி பாஷை, மற்ற பாஷைகள் எல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை" என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஒரு கூட்டம் மாத்திரம் இல்லாமல் இருப்பதில்லை. ஒருவர் தமது பாஷையைக் கடவுளே பேசினார் என்பார். இன்னொருவர் ஜலப்பிரளயத்துக்கு முன்னாலேயே தமது பாஷை இருந்தது என்பார். இதற்கு ஆதாரம் என்ன என்று கேட்டால், கேட்டவனுக்குத் தேசத்துரோகி என்றோ பாஷைத்துரோகி என்றோ ஒரு பட்டம் கிடைக்குமே ஒழிய, கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. இந்தப் பேச்சைக் கேட்கும் பாமர ஜனங்களோ, "நம் பாட்டன் பழையவன், ஆகையால் நாம் பெரியவர்கள்" என்று திருப்தியடைந்து, தங்கள் பிள்ளைக்குப் படிப்பு உண்டா, வயிற்றுக்குச் சோறு உண்டா என்கிற கேள்வியை மறந்துவிடுகிறார்கள்.

நம் வீட்டு வழக்கென்றால் நமக்குக் கோபம் வரும். அயலூர் வழக்கென்றால் நியாயம் தெரியும். ஆகவே நமக்கு எவ்வித லாப நஷ்டமும் இல்லாத ஒரு தூர தேசத்துப் பாஷையை எடுத்துக்கொண்டு இந்த விஷயத்தை விசாரிப்போம். ஐரோப்பாவின் தென்கிழக்கு மூலையில், கிரீசுக்கு வடக்கே, மலைகளுக்கும் அட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவில் இருக்கும் அல்பேனியா தேசத்தின் பாஷையே அது. கொசோவோவிலும் வட மாசிடோனியாவிலும்கூட அந்தப் பாஷையைப் பேசுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள்.

இந்தப் பாஷைக்கு வேதம் இல்லை, இதிகாசம் இல்லை, பழைய கல்வெட்டும் இல்லை. 1462ல் துரெஸ் நகரத்து மேற்றிராணியார் ஒருவர், பாதிரிமார் போகமுடியாத மலைக் கிராமங்களில் பெற்றோரே பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்ளட்டும் என்று எழுதிவைத்த ஒரே ஒரு வாக்கியந்தான், காலம் நிச்சயமாகத் தெரிந்த மிகப் பழைய அல்பேனிய எழுத்து. முதல் புத்தகம் 1555ல் ஜோன் புசூக்கு என்னும் பாதிரியார் வெளியிட்ட பூஜைப் புத்தகம். அதிலும் ஒரே ஒரு பிரதிதான் மிஞ்சி, ரோமாபுரியில் போப்பாண்டவரின் புஸ்தகசாலையில் இருக்கிறது.

ஜனங்கள் பேசும் பாஷைக்கு அந்நாட்டில் என்ன மரியாதை இருந்ததென்று கேட்டால், துருக்கி சாம்ராஜ்யத்தின் கீழ் அவரவர் மதத்தின் பாஷையே அவரவர் படிப்பின் பாஷையாக இருந்தது. முகமதியனுக்குத் துருக்கியும் அரபியும். கிரேக்க சபைக் கிறிஸ்தவனுக்குக் கிரேக்கம். கத்தோலிக்கனுக்கு லத்தீனும் இத்தாலியனும். கொர்ச்சா பட்டணத்தில் 1887ல்தான் அல்பேனிய பாஷையில் பாடம் சொல்லும் முதல் பொதுப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. கிரேக்கத்தை விட்டு அல்பேனியத்தில் கோயில் பூஜை நடத்தத் துணிந்த பாப்பா கிறிஸ்தோ நெகோவானி என்னும் பாதிரியார் 1905ல் கொல்லப்பட்டார். கடவுளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும் என்கிறவர்களே, அவரிடம் ஒருவன் தன் தாய்ப்பாஷையில் பேசினதற்காக அவன் உயிரை எடுத்தார்கள் என்றால், பாஷை விஷயத்தில் மதத்துக்குள்ள யோக்கியதை இன்னதென்று நாம் விளக்க வேண்டியதில்லை.

நிற்க. ஆட்டிடையர்களும் மலைக்குடிகளும் பேசிய இந்தப் பாஷையைப் பற்றி ஜெர்மன் அறிஞர் பிரான்ஸ் பாப் என்பவர் 1854ல் பெர்லின் அகாடமியில் ஒரு கட்டுரை படித்தார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மன் முதலிய பாஷைகள் சேர்ந்த இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் அல்பேனியமும் ஒன்று என்றும், அது மற்ற எதற்கும் கிளையாக இல்லாமல் தனிக் கிளையாக நிற்கிறது என்றும் அவர் காட்டினார். இதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம். அந்த முறை தெரிந்தால்தான் எது ஆராய்ச்சி, எது புரட்டு என்பது தெரியும்.

இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலித்துவிட்டால் அவை உறவு என்று சொல்வது ஆராய்ச்சியாகாது. ஒரு பாஷையில் ஓர் ஒலி மாறினால், அதே நிலையிலிருக்கும் மற்றச் சொற்களிலும் அது அப்படியே மாறியிருக்க வேண்டும். எங்கேயாவது மாறவில்லையென்றால் அதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். இதுதான் சட்டம். பாம்புக்கு வடமொழியில் சர்ப்பம், லத்தீனில் செர்ப்பென்ஸ், ஊர்வனவற்றுக்குக் கிரேக்கத்தில் ஹெர்ப்பெட்டோன், பாம்புக்கு அல்பேனியத்தில் கியார்ப்பர். காதுக்குக் கியார்ப்பர் எங்கே, சர்ப்பம் எங்கே என்று தோன்றும். ஆனால் தூக்கத்துக்கும் கனவுக்கும் உள்ள சொல்லைப் பாருங்கள்: வடமொழியில் ஸ்வப்னம், லத்தீனில் சொம்னுஸ், கிரேக்கத்தில் ஹூப்னோஸ், அல்பேனியத்தில் கியூம். ஆறு என்னும் எண்ணுக்கு வடமொழியில் ஷட், கிரேக்கத்தில் ஹெக்ஸ், அல்பேனியத்தில் கியாஷ்ட. மற்றவர்கள் "ஸ" என்று சொல்லும் இடத்தில் கிரேக்கன் "ஹ" என்கிறான்; அல்பேனியன் "கிய" என்கிறான். ஒரு சொல்லில் நேர்ந்தால் தற்செயல் எனலாம். வரிசையாக நேர்ந்தால் அதற்குப் பெயர் சட்டம்.

இந்தச் சட்டம் உறவினரைக் காட்டுவதோடு, விருந்தாளியையும் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆரோக்கியத்துக்கு அல்பேனியத்தில் ஷெந்தெத் என்று பெயர். இது லத்தீனில் உள்ள சானித்தாத்தெம் என்னும் சொல். ரோமர்கள் ஆண்ட காலத்தில் வந்து சேர்ந்தபடியால், பழைய "கிய" மாற்றத்துக்கு அது தப்பிவிட்டது. "ஸ" இருந்த இடத்தில் "ஷ" மாத்திரம் வந்திருக்கிறது. பாஷையே தன் வீட்டுப் பிள்ளை யார், வந்து தங்கினவர் யார் என்று கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிப்பதுதான் சொல்லாராய்ச்சி.

சத்தம் மாத்திரமல்லாமல் அர்த்தமும் மாறும். வடமொழியில் மாதா, லத்தீனில் மாத்தெர், இங்கிலீஷில் மதர் என்று பல பாஷைகளில் தாயைக் குறிக்கும் அதே பழஞ்சொல் அல்பேனியத்தில் மோத்தர் என்று வழங்குகிறது. ஆனால் அங்கே அதற்குச் சகோதரி என்று அர்த்தம்! தாய்க்கு வேறு சொல் வந்துவிட்டது. தாய் என்கிற சொல்லே காலத்தால் சகோதரியாகிவிடுமென்றால், "இந்தச் சொல்லுக்கு ஆதியில் இதுதான் பொருள், ஆகையால் என்றைக்கும் இதுதான் பொருள்" என்று சாஸ்திரிகளும் மௌல்விகளும் பாதிரிகளும் அடித்துப் பேசுவதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம்.

இனி, சமஸ்கிருதமே உலக பாஷைகளுக்குத் தாய் என்றும், அது தேவபாஷை என்றும் இன்றும் சிலர் சொல்லிவருவதை அல்பேனிய பாஷையைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிச் சோதித்துப் பார்ப்போம். பத்து என்னும் எண்ணுக்கு வடமொழியில் தச, லத்தீனில் தெக்கெம், அல்பேனியத்தில் த்யெத். இரவுக்கு வடமொழியில் நக்த, லத்தீனில் நொக்தெம், அல்பேனியத்தில் நாத். முதல் உயிரெழுத்தைக் கவனியுங்கள். வடமொழியில் இரண்டிலும் "அ" தான் இருக்கிறது. லத்தீனில் ஒன்றில் "எ", மற்றொன்றில் "ஒ". அல்பேனியத்திலும் ஒன்றில் "யெ", மற்றொன்றில் "ஆ" என்று இரண்டும் வெவ்வேறாகவே நிற்கின்றன. சமஸ்கிருதம் தாயாக இருந்திருந்தால், அதில் ஒரே "அ"வாக இருந்ததை, ஒருவரையொருவர் கண்டிராத ரோமனும் அல்பேனிய இடையனும் அதே அதே சொற்களில் இரண்டாகப் பிரித்துக்கொண்டது எப்படி? இருவரும் கூடிப் பேசியா முடிவு செய்தார்கள்? முன்னே இரண்டாக இருந்ததை வடமொழி ஒன்றாகக் குழப்பிவிட்டது என்பதே இதற்கு ஒரே சமாதானம். ஆகவே சமஸ்கிருதம் இந்தக் குடும்பத்தில் மூத்த எழுத்துகளையுடைய ஒரு சகோதரி, தாயல்ல. இதை 1870களிலேயே ஐரோப்பிய அறிஞர்கள் நிர்ணயித்துவிட்டார்கள். தேவலோகத்துப் பாஷையின் பிறப்பு வழக்கிலே எழுத்தறியாத ஆட்டிடையனின் பேச்சு சரியான சாட்சி சொல்கிறதென்றால், அதுவே பகுத்தறிவின் நியாயஸ்தலம்.

ஆனால், இதைக் கேட்டு அல்பேனியர்களாவது தங்கள் பாஷை சுத்தமானதென்று சொல்லிக்கொள்ளலாமா என்றால், அதற்கும் இடமில்லை. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரத்துப் பேராசிரியர் குஸ்தாவ் மேயர் 1891ல் அல்பேனியச் சொற்பிறப்பு அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில் 5,100க்குச் சற்று மேற்பட்ட சொற்களை ஆராய்ந்து, பழைய இந்தோ-ஐரோப்பியச் சொத்தாக நேரே வந்தவை சுமார் 400தான் என்று கணக்குக் காட்டினார். லத்தீனும் அதன் கிளைகளும் கொடுத்தவை 1,400க்கு மேல். துருக்கியிலிருந்து வந்தவை 1,100க்கு மேல். மீதி கிரேக்கமும் ஸ்லாவியமும் மூலம் தெரியாதவையும். பிறகு வந்த நார்பர்ட் யோக்ல், எக்ரெம் சாபெய் முதலிய அறிஞர்கள் இன்னும் பல சொற்களுக்குப் பழைய மூலம் காட்டினார்கள். இருந்தாலும், கடன் வாங்கின சொற்களே பெரும்பாகம் என்னும் உண்மை மாறவில்லை.

எந்தச் சொல் சொந்தம், எந்தச் சொல் கடன் என்று பார்த்தால் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பகலும் இரவும், பல்லும் ரத்தமும், வாசலும் பாம்பும், தூக்கமும் குளிர்காலமும், மாமனாரும் பெயரும் சொந்தச் சொற்கள். அதாவது ஒரு மனிதன் பிறந்து வளர்ந்து வாழ்வதற்கு வேண்டியவை சொந்தத்தில் இருக்கின்றன. பாதிரிக்கு ப்ரிஃப்த், கோயிலுக்குக் கிஷ, அற்புதத்துக்கு ம்ரெகுல்லி, பிசாசுக்கு த்யால், நரகத்துக்கு ஃபெர், ஆசீர்வதிக்க பெகோய், சபிக்க மல்கோய். இவையெல்லாம் இறக்குமதி! லத்தீன் கப்பலிலோ, கிரேக்கச் சரக்கை ஏற்றிய லத்தீன் கப்பலிலோ வந்தவை. மசூதிக்கும் தொழுகைக்கும் உள்ள சொற்கள் துருக்கிக் கப்பலில் வந்தன. அற்புதமும் நரகமும் இன்ன கடையில் வாங்கப்பட்டவை என்று பாஷையே ரசீது வைத்திருக்கும்போது, அவை ஆதிமுதல் மனிதன் மனத்தில் கடவுளே எழுதிவைத்தவை என்று சொல்வது எவ்வளவு துணிச்சல்!

இவ்வளவு கடன் வாங்கியும் அந்தப் பாஷை செத்துப் போயிற்றா? இல்லை. நண்பனுக்குரிய மீக் என்னும் சொல் லத்தீன் அமீக்குஸ். மீனுக்குரிய பெஷ்க் லத்தீன் பிஸ்கிஸ். அரசனுக்குரிய ம்ப்ரெத் லத்தீன் இம்ப்பெராத்தோர். ஆனால் இந்தச் சொற்களை அடுக்குவது, முடிப்பது, திரிப்பது எல்லாம் அல்பேனிய இலக்கணம். அல்பேனியன் தன் சட்டையில் உள்ள பையை ஜெப் என்கிறான். நாம் ஜேபி என்கிறோம். இரண்டும் ஒரே அரபிச் சொல். அவனுக்குத் துருக்கிக்காரன் மூலமாகவும், நமக்கு உருதுக்காரன் மூலமாகவும் வந்தது. ஜேபி அரபியாயிருப்பதால் அதில் போடும் காசு செல்லாமல் போவதில்லை. சுத்த ரத்தம் என்று ஒரு ஜாதி இல்லாததுபோலவே, சுத்த பாஷை என்று ஒரு பாஷையும் மனிதர் வாயில் இல்லை. ஒருவனிடமும் கொடுக்கல் வாங்கல் இல்லாத பாஷை உண்டானால், அது ஒருவனோடும் பழகாதவனுடைய பாஷையாகத்தான் இருக்கும்.

கடன் எந்தக் காலத்தில் வாங்கப்பட்டது என்பதைக்கூட இந்த முறை சொல்லிவிடும். அல்பேனியத்தில் வடக்கே கேக் என்றும் தெற்கே தோஸ்க் என்றும் இரண்டு பேச்சுவழக்குகள் உண்டு. ஷ்கும்பின் என்னும் ஆறு அவற்றுக்கு ஏறக்குறைய எல்லை. வடக்கே இரண்டு உயிருக்கு நடுவில் "ன" இருக்கும் இடத்தில் தெற்கே "ர" வரும். மணலுக்கு லத்தீனில் அரேனா, வடக்கே ரான, தெற்கே ரெர. பெயர் என்பதற்கு வடக்கே எமன்; தெற்கே எமர். (இந்த எமனைப் பார்த்துவிட்டு, எமதர்மராஜன் அல்பேனியாவை ஆண்டான் என்று யாராவது ஒரு பண்டிதர் ஸ்தலபுராணம் எழுதிவிடாமல் இருக்கவேண்டும். இது நாமம், நோமென் என்னும் சொற்களுக்கு உறவே தவிர, எருமைக்கடாவுக்கு உறவல்ல.) ஆனால் கடையைக் குறிக்கும் துக்யான் என்கிற துருக்கிச் சொல்லிலும், வழக்கத்தைக் குறிக்கும் ஜாகொன் என்கிற ஸ்லாவியச் சொல்லிலும் தெற்கத்தியாரும் "ன" என்றே சொல்கிறார்கள். ஆகவே லத்தீன் வந்த பிறகு, ஸ்லாவியம் வருவதற்கு முன் இந்த மாற்றம் நடந்து முடிந்திருக்கிறது. புராணம் யுகக் கணக்கில் பேசும். ஆராய்ச்சி இப்படி "இதற்குப் பின், அதற்கு முன்" என்று அடக்கமாகப் பேசும்.

இந்தச் சிறு சட்டத்தை வைத்துக்கொண்டே ஒரு பெரிய கட்டுக்கதையை உடைக்கலாம். கிரேக்கர்களுக்கும் முற்பட்ட பெலாஸ்கியர் என்னும் ஜனங்களின் நேர்வாரிசு அல்பேனியரே என்றும், ஆகையால் கிரேக்க தேவர்களின் பெயர்களெல்லாம் அல்பேனியச் சொற்களே என்றும் சொல்வார் 19-ம் நூற்றாண்டு முதல் இருந்து வருகிறார்கள். தேவர்க்கரசனாகிய ஸீயஸ் என்பவன் பெயர், குரல் என்று பொருள்படும் "ஜெ" என்னும் அல்பேனியச் சொல் என்பது அவர்கள் வாதம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் "அந்தக் குரல்" என்று சுட்டிச் சொல்ல வேண்டுமானால் தெற்கே ஜெரி, வடக்கே ஜானி என்கிறார்கள். அதாவது அந்தச் சொல்லின் வேரில் ஒரு "ன" இருக்கிறது. ஒலியைக் குறிக்கும் ஸ்வோன் என்னும் ஸ்லாவியச் சொல்லே அதன் உறவு. ஸீயஸ் பெயரிலோ "ன" இல்லை. "ஸீயஸினுடைய" என்பதற்குக் கிரேக்கத்தில் தியோஸ் என்று சொல்கிறார்கள். ஆகவே அதன் வேரில் இருப்பது "த". வடமொழியில் த்யௌஸ் என்றும், ரோமரிடம் ஜூப்பிட்டர் என்றும் வழங்குவது இதே பெயர். பகலைக் குறிக்கும் லத்தீன் தியெஸ் என்பதும் இதே வேர். வெளிச்சமுள்ள வானம் என்பதே இவற்றின் பொருள். மனிதன் தலைக்கு மேலே தெரிந்த வெளிச்சத்துக்கு ஒரு பெயர் வைத்தான். பின்னால் அந்தப் பெயருக்குத் தாடி வைத்தான், பெண்சாதி கட்டினான், கோயில் கட்டினான், பூசாரிக்கு மானியம் விட்டான். சொல்லாராய்ச்சி செய்தால் கடவுளின் ஜாதகம் இப்படி வெளியாகிறது.

1961ல் ஜகாரி மாயானி என்பவர், இத்தாலியிலே அழிந்துபோன எத்ருஸ்கப் பாஷையை அல்பேனியத்தைக் கொண்டு படித்துவிட்டதாக ஒரு புத்தகம் எழுதினார். எத்ருஸ்கம் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல என்று அறிஞர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் அப்படிப்பட்ட புத்தகங்களுக்கு வாசகர் குறைவதில்லை. ஏன்? அறிஞன் ஆதாரத்தைக் கொடுக்கிறான். புரட்டன் பெருமையைக் கொடுக்கிறான்.

இதில் அல்பேனியர்களை மாத்திரம் குறை சொல்வதும் நியாயமாகாது. அவர்கள் 1912ல் சுதந்திரம் கொண்டாடிய மறு வருஷமே, செர்பியாவின் மாஜிப் பிரதம மந்திரி விளாதன் ஜோர்ஜெவிச் என்பவர், அல்பேனியருக்குள் 19-ம் நூற்றாண்டுவரைகூட வாலுள்ள மனிதர்கள் இருந்தார்கள் என்று புத்தகம் எழுதினார்! அண்டை நாட்டான் நம்மை வாலுள்ள பிராணி என்றால், "நீ இங்கே வருவதற்கு முன்னாலேயே எங்கள் பாட்டன் ராஜா" என்று பதில் சொல்லத் தோன்றுவது மனித சுபாவந்தான். இல்லிரியர் என்னும் பழங்குடிகளின் வாரிசு என்று அல்பேனியர் சொல்லிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த இல்லிரியர் பாஷையிலோ மனிதர் பெயர், ஊர்ப் பெயர் தவிர, ஒரு முழு வாக்கியம்கூட நமக்குக் கிடைக்கவில்லை. பூகோளத்தை வைத்துப் பார்த்தால் அந்த உறவு இருக்கக்கூடும். ஆனால் ருமேனியப் பாஷையோடு அல்பேனியத்துக்குப் பல பழஞ்சொற்கள் பொதுவாயிருப்பதைக் காட்டி, இன்னும் கிழக்கே தேடவேண்டும் என்கிற அறிஞரும் இருக்கிறார்கள். சாட்சியம் போதாத வழக்கில் தீர்ப்பை ஒத்திவைப்பதுதான் நீதிபதிக்கு அழகு.

அரசாங்கம் ஒத்திவைக்குமா? என்வர் ஹோஜாவின் சர்க்கார் 1967ல் அல்பேனியாவிலுள்ள கோயில், மசூதிகளையெல்லாம் மூடியது. இதைக் கேட்டு நம்மில் சிலர் சந்தோஷப்படக்கூடும். அவசரப்பட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். அதே சர்க்கார்தான் இல்லிரிய வம்சத்தைச் சந்தேகிக்கக் கூடாத சித்தாந்தமாக ஆக்கியது. தகாத பெயர் வைத்திருப்போர் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டுமென்று 1975ல் உத்தரவு போட்டது. மதப் பெயர்களை விட்டு, அக்ரோன், தெவ்த்தா என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின இல்லிரிய ராஜா ராணிகளின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைக்கும்படி தூண்டியது. கடவுளை இறக்கின பீடத்தில் முப்பாட்டனை ஏற்றிவைத்தார்கள் என்பது தவிர இதில் என்ன லாபம்? போலீஸ்காரன் கோயிலைப் பூட்டுவது பகுத்தறிவாகாது. கேள்வி கேட்க ஜனங்களுக்குச் சுதந்திரம் இருப்பதே பகுத்தறிவு. கேட்கக் கூடாத கேள்வி ஒன்று இருக்கும் இடத்தில், அது வேதத்தைப் பற்றியதானாலும் வம்சத்தைப் பற்றியதானாலும், அங்கே ஒரு பூசாரி உட்கார்ந்திருக்கிறான் என்பது நிச்சயம்.

இது ஏதோ பண்டிதர் சண்டை, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு ஒரு மனிதனுடைய கதையைச் சொல்லி முடிக்கிறோம். மேலே சொன்ன நார்பர்ட் யோக்ல் என்பவர் 1877ல் மொராவியாவில் பிறந்து, வியன்னா சர்வகலாசாலைப் புஸ்தகசாலையில் உத்தியோகம் பார்த்தவர். அல்பேனியச் சொற்களின் பிறப்பை ஆராய்வதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். 1923ல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு இன்றும் ஒருவரும் அத்துறையில் பேச முடியாது. "ஆரிய பாஷைகள்" என்று அக்காலத்தில் பலரும் அழைத்த குடும்பத்துக்கு அவரைப்போல் தொண்டு செய்தவர்கள் சிலரே. ஆனால் அவர் பிறப்பால் யூதர். ஹிட்லர் கூட்டத்தார் ஆஸ்திரியாவைப் பிடித்த 1938ல், "ஆரியனல்லாதவன்" என்று அவரை உத்தியோகத்திலிருந்து நீக்கினார்கள். 1942ல் கைது செய்தார்கள். அந்த வருஷத்திலேயே அவர் அவர்கள் கையில் மாண்டார். ஆரியம் என்பது என்ன என்று தெரிந்தவனை, அது தெரியாத முரடர்கள், ஆரியத்தின் பெயராலேயே கொன்றார்கள்!

பாஷைக் குடும்பத்துக்கு வைத்த ஒரு பெயரை ரத்தத்துக்கு வைத்த பெயராக்கினதன் பலன் இது. அந்தப் பெயரைப் பரப்பியவர்களில் ஒருவராகிய மாக்ஸ்முல்லரே, ஆரிய ரத்தம், ஆரிய ஜாதி என்று பேசுவது, அகராதிக்கு மண்டையோட்டின் நீளத்தைச் சொல்வதுபோல் அர்த்தமற்றது என்ற கருத்தில் 1888ல் எழுதி எச்சரித்தார். கேட்டவர் யார்? யோக்ல் மாண்ட அந்த யுத்தகாலத்தில், அவர் ஆராய்ந்த பாஷையைப் பேசும் சாதாரண அல்பேனியர்கள், முகமதியரும் கிறிஸ்தவருமாக, ஓடிவந்த யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். யுத்தம் முடிந்தபோது அல்பேனியாவில் யூதர் தொகை, யுத்தத்துக்கு முன் இருந்ததைவிட அதிகமாயிருந்தது. கொடுத்த வாக்கைக் காப்பதற்கு அவர்கள் பாஷையில் பெஸ என்று ஒரு சொல் உண்டு. ஒரு பாஷைக்குப் பெருமை எதில் இருக்கிறது என்று நம்மைக் கேட்டால், அந்தச் சொல் எத்தனை ஆயிரம் வருஷத்துப் பழையது என்பதில் இல்லை, அதைச் சொன்னவன் கதவைத் திறந்தானா என்பதில் இருக்கிறது என்போம்.

கடைசியாக நமக்கும் ஒரு வார்த்தை. தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தனிக் குடும்பம் என்று 1816ல் எல்லிஸ் துரையும், 1856ல் கால்டுவெல்லும் காட்டியது இதே ஒப்பீட்டு முறையைக் கொண்டுதான். வடமொழிப் புரட்டை அறுக்க அந்தக் கத்தியைக் கையிலெடுத்துக்கொண்டு, "உலகத்துச் சொல்லெல்லாம் தமிழே" என்று நம்மவர் ஒருவர் எழுதும்போது மாத்திரம் அதை உறையில் போட்டுவிடுவது யோக்கியமாகாது. அவர் எழுதுவதையும் அந்த ஸீயஸ் கதையையும் ஒரே தராசில்தான் நிறுக்கவேண்டும்.

ஆகவே இனி எவராவது ஒரு சொல்லைக் காட்டி வம்சப் பெருமை பேச வந்தால், வாசகர்கள் அவரை மூன்று கேள்வி கேட்கும்படி வேண்டுகிறோம். இந்த ஒலி மாற்றம் வேறு எந்தெந்தச் சொற்களில் நடந்திருக்கிறது? இந்தச் சொல்லின் பழைய எழுத்துச் சாட்சியம் என்ன? உமது முடிவு தவறென்று காட்டக்கூடிய சாட்சியம் எது? மூன்றுக்கும் பதில் வந்தால் உட்காரவைத்துக் கேளுங்கள். பதிலுக்குப் பதிலாகக் கோபம் வந்தால், வந்திருப்பவர் ஆராய்ச்சிக்காரர் அல்ல, பூசாரி என்று தெரிந்துகொள்ளுங்கள். மண்ணில் வாழும் உரிமைக்கும் மனிதனாக மதிக்கப்படும் உரிமைக்கும் பாட்டனின் பாஷை பத்திரமாக வேண்டியதில்லை. அல்பேனியனுக்கு 400 பழஞ்சொல் மிஞ்சினாலும், நாளை நாலே சொல் மிஞ்சினாலும், அவன் மனிதன். அதற்குமேல் ஒரு குலம் சொல்லுக்கும் வேண்டாம், சொல்லுகிறவனுக்கும் வேண்டாம்.